பகல் வெளிச்சத்தில் எடுத்த கணக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில், ஓ.பி. சீட்டும் மாத்திரைக் கவருமாக வெளியே வருகிறவரை நிறுத்தி, “ஒரு பத்து நிமிஷம் இருங்கம்மா” என்று கேட்டுக் கேள்வித்தாளை நிரப்புவது எங்கள் துறையில் வழிவழியாக நடந்துவரும் வேலை. எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், டாக்டர் முகம் கொடுத்துப் பேசினாரா, எழுதிய மருந்தெல்லாம் கிடைத்ததா, குடிதண்ணீர் இருந்ததா. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டுக்குள் கூட்டம் வடிந்துவிடும். அதற்குள் ஆய்வுக்கு வேண்டிய ஆட்களும் கிடைத்துவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் திருப்தி என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அதை அட்டவணையாக்கி, மருத்துவ வசதி மக்களுக்கு எட்டும்படி இருக்கிறது என்று முடிவுரை எழுதுவோம். வந்து சேர்ந்தவர்களிடமே வந்து சேர முடிகிறதா என்று கேட்டிருக்கிறோம். அதுவும் காலையில் வந்து சேர்ந்தவர்களிடம்.

நாங்கள் என்று நான் சொல்வது தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவம் கற்பிக்கிறவர்களை, பொது சுகாதார ஆய்வு செய்கிறவர்களை, அந்த ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு திட்டக் குறிப்பு எழுதுகிறவர்களை. இந்த மாநிலத்தின் பொது சுகாதாரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச எங்களிடம் நிறைய உண்டு. அந்தப் பெருமையில் பெரும்பகுதி நியாயமானதும்கூட. ஆனால் மாலை நாலு மணிக்குப் பிறகு உடம்பு முடியாமல் போகிறவர் என்ன செய்கிறார், யாரிடம் போகிறார், எவ்வளவு கொடுக்கிறார், எந்தக் கட்டத்தில் கைவிட்டுப் படுத்துக்கொள்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் முயலவுமில்லை.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை, வாரம் ஆறு நாளும் தவறாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 42 மணி நேரம். மிச்சம் 126. நாலில் மூன்று பங்கு. பண்டிகை விடுமுறைகளை இன்னும் கழிக்கவில்லை. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்ற அளவுகோலை எம்.பி.பி.எஸ். மாணவரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நாங்கள் அப்படி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம். தலைக்கணக்கும் தூரக்கணக்கும் கற்றுக்கொடுத்தோம். கடிகாரக் கணக்கைக் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த 126 மணி நேரத்துக்கு என்ன வழி என்று யாராவது கேட்டால் 108 என்போம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய அந்த ஆம்புலன்ஸ் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தைக்குக் காது வலி தாங்கவில்லை. ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. பெரியவருக்குச் சாயங்காலத்திலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்த பாட்டிக்கு வியர்த்துக் கொட்டுகிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தயங்குவார்கள். விடியும்வரை பொறுக்கவும் முடியாது. இவற்றில் எது உயிருக்கு ஆபத்து, எது ஒரு மாத்திரையில் அடங்கும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். முதல்நிலை மருத்துவம் என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியதன் அடிப்படை வேலையே அதுதான்.

கட்டுவிரியன் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும் பாம்பு அது. பல் சிறியது. பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, கடித்த தடம்கூடக் கண்ணில் படாமல் போகும். இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், சோடா கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணிமை தொங்கத் தொடங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். தொங்கும் இமையைப் பார்த்த மாத்திரத்தில் கட்டுவிரியன் என்று சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் அந்த மூன்று மணிக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அந்த ஆள் பிழைக்க வாய்ப்பு உண்டு. விஷமுறிவு மருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் அலமாரியில் இருக்கிறது. அதைத் தயாரிக்க வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. இத்தனையும் நம் ஊரிலேயே இருக்கிறது. மருந்தை நரம்பில் ஏற்றி, ஒவ்வாமை வந்தால் சமாளிக்க வேண்டிய மருத்துவர் காலை ஒன்பதுக்கு வருவார்.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 46,000 பேர் இறந்தார்கள் என்று 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. வீடு வீடாகப் போய், இறந்தவர் எப்படி இறந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எடுத்த கணக்கு அது. இறந்தவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்தான் மருத்துவமனையில் இறந்திருந்தார். மற்றவர்கள் வீட்டில், வயலில், போகிற வழியில். அதுவரை மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுத்த, அதைவிடப் பல மடங்கு சிறிய அரசுக் கணக்கையே நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம். வந்து சேராதவர் எங்கே என்று ஒரு தடவை யோசித்திருந்தால் போதும். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. நல்ல முடிவு. ஆனாலும் அது மருத்துவமனைக்கு வந்து சேரும் கடியைத்தான் எண்ணும்.

நாங்கள் மணியைக் கேட்டெழுதிய ஒரு இடம் உண்டு: தாய்மார்களின் மரணம். 1990களின் நடுவிலிருந்து தமிழ்நாட்டில் பிரசவத்தை ஒட்டிய ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்கிறார்கள். வலி எத்தனை மணிக்குக் கண்டது, வீட்டை விட்டு எப்போது கிளம்பினார்கள், வண்டி எப்போது கிடைத்தது, முதல் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அங்கே யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு மேலே அனுப்பினார்கள். முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று தாடியஸும் மெயினும் 1994-இல் எழுதிய மூன்று தாமதங்களை வைத்துப் பார்த்தால், ஒரு பெண்ணின் சாவு எந்த மணி நேரத்தில் முடிவானது என்று காட்டிவிட முடியும். இந்தக் கணக்கு மேசைக்கு வந்தபின் ராத்திரியில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாமல் போயிற்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைச் சுழற்சி முறையில் நியமித்து 24 மணி நேரப் பிரசவம் தொடங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு; ஆனால் மணி தெரிந்த மரணங்கள் அதற்குப் பெரிய உந்துதல். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தவை. எங்களால் முடியும் என்பதற்கு இது சாட்சி. அதனால்தான் மற்ற நோய்களுக்கு இதைச் செய்யாததை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

அதே நிலையத்துக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள். பணியில் ஒரே ஒரு நர்ஸ். பிரசவ அறையில் வலியோடு ஒரு பெண், கூட அவள் மாமியார். வாசல் கிரில் கதவைத் தட்டிக்கொண்டு காய்ச்சல் குழந்தையோடு இன்னொரு தாய். பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து பத்தரைக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்தவள். நர்ஸ் கையுறையைக் கழற்றியபடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார், கக்கத்தில் தெர்மாமீட்டர் வைக்கிறார். “டாக்டர் காலைலதான்மா வருவாங்க. இப்போதைக்கு இந்தச் சிரப்பைக் கொடு, ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே இரு. வலிப்பு கிலிப்பு வந்தா யோசிக்காத, 108-க்கு அடி.” உள்ளேயிருந்து கூப்பிடும் குரல் கேட்டுத் திரும்பி ஓடுகிறார்.

அந்த நர்ஸ் செய்தது சரியான வைத்தியம். அது எந்தப் பதிவேட்டில் ஏறும்? பிரசவப் பதிவேட்டுக்கு அது சம்பந்தமில்லை, ஓ.பி. கணக்கு மாலையே மூடியாகிவிட்டது. பொறுப்பான சில நர்ஸ்கள் லாங் சைஸ் நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுதிவைக்கிறார்கள்: தேதி, மணி, பெயர், ஊர், என்ன தொந்தரவு, என்ன கொடுத்தோம். பிரசவப் பதிவேட்டைப் புரட்டி எத்தனையோ கட்டுரைகள் எழுதிய நாங்கள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. ராத்திரி அந்தக் கட்டடத்தில் காவலுக்கு ஆள் உண்டா, குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறவனை அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்றும் கேட்டதில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகுதான் எங்கள் கல்லூரிகளிலும் இரவுப் பணியின் பாதுகாப்பு பேச்சுக்கு வந்தது. கிராமத்தில் தனியாக விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நர்ஸ் அப்போதும் அந்தப் பேச்சில் வரவில்லை.

ராத்திரியில் நாங்கள் ஏன் அங்கே போகவில்லை? எங்கள் பணிமுறையே பகலுக்கென்று அமைந்தது. கிராமப்புறப் பயிற்சி மையத்துக்கு ஹவுஸ் சர்ஜன்களைக் கூட்டிப்போகும் கல்லூரி பஸ் காலையில் கிளம்பி, மூன்று மூன்றரைக்குத் திரும்பிவிடும். அவர்கள் பார்க்கும் கிராமம் நடுப்பகல் கிராமம். கூலிக்குப் போனவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். முதுநிலை மாணவர் யாராவது ராத்திரி ஆய்வு என்று தலைப்பு கொண்டுவந்தால், வண்டிக்கு என்ன செய்வாய், பொண்ணுங்களை எப்படி அனுப்புவது, ஆறு மாசத்தில் முடியுமா என்று கேட்டு, நீரிழிவு பற்றிய விழிப்புணர்வு என்ற பழகிய தடத்தில் திருப்பிவிடுவோம். அந்தக் கேள்விகள் நியாயமானவைதான். அவற்றுக்கு விடை தேடுவது எங்கள் பொறுப்பு; மாணவர் தலையில் கட்டிவிட்டோம்.

தேசிய அளவிலும் இதே நிலைதான். 2017–18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று, கடந்த பதினைந்து நாளில் யாருக்கு என்ன நோய், எங்கே போனார்கள், எவ்வளவு செலவு என்று நுணுக்கமாகக் கேட்டது. எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கேட்கவில்லை. குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களிடம் மருத்துவ உதவி பெற என்ன தடை என்று கேட்கும்போது அனுமதி, பணம், தூரம், வண்டி, துணைக்கு ஆள், பெண் மருத்துவர் என்று அடுக்குகிறது. அரசு மருத்துவமனைக்கு ஏன் போவதில்லை என்ற கேள்விக்கு நேரம் தோதுப்படவில்லை என்று ஒரு விடை மட்டும் உண்டு. எந்த நேரம், என்ன வேலை, போனால் எத்தனை ரூபாய்க் கூலி போகும் என்று மேலே கேட்கவில்லை. இந்தத் தரவுகளை வைத்து எத்தனை ஆய்வேடுகள் எழுதியிருக்கிறோம். கேள்வித்தாளைத் திருத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதியவர்கள் எங்களில் எத்தனை பேர்?

சொல்ல வாய் கூசும் ஒன்று இருக்கிறது. மாலையில் தமிழ்நாட்டில் மருத்துவரே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு மணிக்கு ஒன்றியத் தலைநகரின் கடைவீதியில் நடந்தால் கிளினிக் போர்டுகள் வரிசையாக எரியும். பணி நேரத்துக்கு வெளியே அரசு மருத்துவர் தனியாகத் தொழில் செய்ய இங்கே அனுமதி உண்டு. காலையில் இலவசமாகப் பார்த்த அதே மருத்துவர், மாலையில் அதே கூலித் தொழிலாளியை ஃபீஸ் வாங்கிக்கொண்டு பார்க்கிறார். காலையில் போனால் ஒரு நாள் கூலி போகும். மாலையில் போனால் அந்தக் கூலியில் பாதி ஃபீஸுக்கும் மாத்திரைக்கும் ஊசிக்கும் போகும். கையில் அதுவும் இல்லாதவர் மெடிக்கல் ஷாப்பில், “காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்கண்ணே” என்று வாங்கிக்கொண்டு போகிறார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். இந்தச் செலவு அதற்குள் வராது. மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதியதை எங்கள் மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அது இடத்துக்கு மட்டுமல்ல, நேரத்துக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு மாலைக் கிளினிக்கில் வந்து நின்றிருக்கும். அந்தக் கிளினிக்குகளில் உட்கார்ந்திருப்பவர்களில் எங்கள் நண்பர்கள் உண்டு, எங்கள் மாணவர்கள் உண்டு, நாங்களும் உண்டு.

சாக்குச் சொல்ல முடியாதபடி ஒரு முன்னோடி நம் நாட்டிலேயே இருக்கிறார். மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக இருந்த ஹிம்மத்ராவ் பவஸ்கர், செந்தேள் கொட்டியவர்கள் நுரையீரலில் நீர் கோத்துச் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தேள் இருட்டில் நடமாடுவது. கொட்டு வாங்கியவர் மருத்துவரின் வசதி பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் உட்கார்ந்து ரத்த அழுத்தமும் நாடியும் மணிக்கணக்கில் குறித்து, பிரசோசின் என்ற விலை குறைந்த மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று கண்டு, 1980களில் லான்செட் இதழில் எழுதினார். அந்தப் பகுதியில் தேள் கொட்டிச் சாவது வெகுவாகக் குறைந்தது. ஆய்வு நிதியோ துறையோ அவருக்குப் பின்னால் இல்லை. எங்களுக்குப் பின்னால் துறை, நூலகம், வண்டி, புள்ளியியல் வல்லுநர் எல்லாம் உண்டு.

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு ஆய்வுத்துறை வளர்ந்திருக்கிறது. டென்மார்க்கில் 1992-இல் இரவுச் சேவையை மாற்றி அமைத்தார்கள். ஒரு வட்டாரத்துக் குடும்ப மருத்துவர்கள் எல்லோரும் முறை வைத்துக்கொண்டார்கள். ராத்திரி வரும் தொலைபேசியை மருத்துவரே எடுப்பார். சில வருஷத்தில் தொலைபேசியிலேயே முடியும் ஆலோசனை ஏறக்குறைய இரட்டிப்பானது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது பாதிக்கும் கீழே இறங்கியது. முதலில் மக்கள் திருப்திப்படவில்லை என்பதையும் அவர்களே அளந்து வெளியிட்டார்கள். நெதர்லாந்து 2000-ஐ ஒட்டி இதே வழிக்கு வந்தது. இங்கிலாந்து 2004-இல் குடும்ப மருத்துவர்களை இரவுப் பொறுப்பிலிருந்து விலக அனுமதித்துவிட்டு, அதன் விளைவோடு இன்னும் போராடுகிறது. அந்த நாடுகளிலும் எல்லாம் ஒழுங்காக இல்லை. ஆனால் எத்தனை மணிக்கு எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நமக்கும் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: 108-க்கும், 104 ஆலோசனை எண்ணுக்கும் வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் மணி உண்டு. அதைக் கேட்டு வாங்கி, எந்த ஒன்றியத்தில் எந்த நேரத்தில் யார் கூப்பிடுகிறார்கள் என்று வரைபடம் போட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அரசு சில அடிகள் முன்னே போயிருக்கிறது. 2023 ஜூனில் திறந்த 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களின் நேரம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. அந்த மாலை நாலு மணி நேரம் யாருக்குப் பயன்பட்டது, வேலை முடிந்து வரும் கட்டடத் தொழிலாளி எட்டு மணிக்குள் வந்துசேர முடிகிறதா என்று பார்ப்பது ஒரு முதுநிலை மாணவருக்குக் கச்சிதமான தலைப்பு. அதே மாதம் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையம்வரை கொண்டுபோய் வைத்தார்கள். நெஞ்சுவலி விடியற்காலை வந்தால் அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும்? கேட்டுப் பார்ப்பதற்கு நிதிகூட வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டால் போதும்.

இனி எடுக்கும் எந்த ஆய்விலும் மணியைக் கேட்காமல் கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்பக் கூடாது, வீட்டு ஆய்வில் பாதியையாவது மாலை ஏழு மணிக்கு மேல் எடுக்க வேண்டும், அதற்கு வண்டியும் துணையும் துறையே தர வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். மருத்துவரின் இரவுப் பணிக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு ஒன்றியத்தில் ஐந்து ஆரம்ப சுகாதார நிலையம், நிலையத்துக்கு இரண்டு மருத்துவர் என்றால் பத்துப் பேர். முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்குப் பத்து நாளைக்கு ஒரு மாலை, ஒரு ராத்திரி. மேம்படுத்தப்பட்ட நிலையத்தில் ஒருவர் உட்கார்ந்து மற்ற நான்கு நிலையத்து நர்ஸ்களின் தொலைபேசியையும் எடுக்கலாம். மறுநாள் அவருக்கு ஓய்வு, தனிப் படி, பாதுகாவலர் எல்லாம் கொடுத்தாக வேண்டும். இதை எழுதி நீட்டும்போது முதல் எதிர்ப்பு தலைமைச் செயலகத்திலிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாலைக் கிளினிக் வைத்திருக்கிற எங்கள் மாணவர்களிடமிருந்தும் சக ஆசிரியர்களிடமிருந்தும் வரும். அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சைத் தவிர்க்கத்தான் இத்தனை வருஷம் மணியைக் கேட்காமல் இருந்தோம்.